மணமுடி ஏழாவதாக வருகிறது

கல்யாணக் கொண்டையின் மேல் ஹெட்போனை எப்படி மாட்டுவது என்று எந்த விதிப்புத்தகத்திலும் இல்லை. காலை முழுக்க உட்கார்ந்து போட்ட கொண்டை அது, முத்துச்சரம் வேறு சுற்றியிருந்தது. ஆஸிமீனா ஹெட்போனின் வளைவைத் தலைமேல் விடாமல் தாடைக்குக் கீழே கொடுத்து, பல்வலிக்காரியைப் போல விமான நிலைய ரேடார் திரை முன்னால் உட்கார்ந்தாள்.

தப்பு அவளுடையதுதான். முந்தின நாள் தந்த விருந்துக்கு ரேடார் ஷிப்டு ஆட்கள் அத்தனை பேரையும் ஒரே மேசைக்குக் கூப்பிட்டிருந்தாள். விமானம் ஓட்டுகிற இருவர் ஒரே சாப்பாட்டைச் சாப்பிடக் கூடாது என்ற வழக்கம் தரையில் இருப்பவர்களுக்குக் கிடையாது. எல்லோரும் கடல்சிப்பியை ஒரு கை பார்த்தார்கள். கல்யாணப் படபடப்பில் ஒரு வாய்கூட இறங்காத ஆஸிமீனாவும், சிப்பியைக் கண்டாலே ஓடுகிற சராந்திஸும் மட்டும் தப்பினார்கள். மற்றவர்கள் விடிந்ததிலிருந்து கழிப்பறையை விட்டு வெளியே வரவில்லை.

ஜூலையின் கடைசி சனிக்கிழமை. ஐரோப்பா பாதி அன்றைக்குத்தான் இந்தத் தீவுக்கு வரும். ஆள் குறைந்தால் மேலதிகாரி பாண்டெலிஸ் வரும் விமானங்களைப் பாதியாகக் குறைக்க வேண்டியதுதான். குறைத்தால் மற்ற ஊர்களில் விமானங்கள் கிளம்பாமல் நிற்கும். அப்படி நிற்கக்கூடியவற்றில் ஒன்று தெசலோனிக்கியிலிருந்து வரும் பெலகோஸ் நாற்பத்திரண்டு என்ற விமானம். அதில்தான் மாப்பிள்ளைத்தோழன் த்ராசோஸ் வருகிறான். மணமக்கள் தலையில் சூட்டும் மணமுடிகள் இரண்டும் அவன் மடியில் இருந்தன. தோழன் இல்லாமல் முடி மாற்ற முடியாது, முடி மாற்றாமல் கல்யாணம் இல்லை.

கல்யாணம் ஆறு மணிக்கு. மறுநாள் மாதா விரதம் தொடங்குகிறது, ஆகஸ்ட் பாதிவரை எந்தக் கோயிலிலும் கல்யாணம் நடக்காது. அதனால் லாம்ப்ரோஸ் பாதிரியார் அன்றைக்கு மணிக்கொன்றாக வரிசை வைத்திருந்தார். ஆஸிமீனாவின் வருங்காலக் கணவன் யோர்தானிஸ் இரண்டு வாரத்தில் கப்பல் ஏறுகிறான், கிறிஸ்துமஸுக்குத்தான் திரும்புவான். இன்று விட்டால் அடுத்த வருஷம்.

அதனால்தான் கல்யாணப்பெண் வேலைக்கு வந்திருந்தாள்.

"உன் தோழன் ஏழாவதா வர்றான்," என்றான் பக்கத்து நாற்காலி சராந்திஸ். அவள் விமானிகளோடு பேசப் பேச மற்ற நிலையங்களோடு போனில் பேசி ஒழுங்குசெய்வது அவன் வேலை. "சும்மா ரெண்டாவதுக்கு இழுத்து விடேன். ஒரு திருப்பு திருப்பினா வந்துடுவான். யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்டா. முன்னால நிக்கிற ஆறுலயும் யாரோ யாருக்கோ கல்யாணத்துக்குத்தான் போறாங்கன்னு வெச்சுக்கோ."

"அதுல ஒண்ணு முழுக்கக் குடிகாரப் பசங்க. ஏறுறதுக்கு முன்னாலயே பாட்டுப் பாடினாங்களாம்."

"அவங்களுக்கும் அவசரம்தானே, பார் மூடிடும்ல?"

வந்த வரிசையில் இறங்க வேண்டும், அது முறை. ஆனால் வரிசையையே வேகமாக நகர்த்தக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. வழக்கமாக இரண்டு விமானங்களுக்கு நடுவே ஐந்து மைல் விடுவார்கள், அந்த இடைவெளியில் கட்டுப்பாட்டுக் கோபுரம் ஒரு விமானத்தை மேலே அனுப்பும். ஆஸிமீனா கோபுரத்தில் இருந்த ஃபானியைப் போனில் பிடித்தாள்.

"உன்கிட்ட கிளம்புறது எத்தனை இருக்கு?"

"ஒண்ணும் இல்லடி. இப்ப வர்றதுங்கதானே திரும்பிப் போகணும். மூணு மைல்ல தள்ளிவிடு, வாங்கிக்கறேன். கொண்டை எப்படி இருக்கு?"

"தொடாம இருந்தா நிக்கும்."

அதற்குப் பிறகு அவள் வாய் ஓயவில்லை. ஒருவனை இடப்பக்கம் திருப்பினாள், ஒருவனை நாலாயிரம் அடிக்கு இறக்கினாள், ஒருவனை வேகம் குறையாமல் வரச் சொன்னாள். கடல்மேல் கலைந்து கிடந்த புள்ளிகள் ஒவ்வொன்றாக வந்து, நூலில் கோத்த மணி மாதிரி ஓடுபாதையை நோக்கி வரிசையாகின. மூன்று மைல், மூன்று மைல், மறுபடி மூன்று. சராந்திஸ் நாற்காலியில் ஆடினான். பாண்டெலிஸ் பின்னால் வந்து நின்று, ஒன்று இறங்கும்போதெல்லாம் கால்பந்துக்குக் கத்துவது போலச் சத்தமில்லாமல் கையைத் தூக்கினார். குடிகாரர்களின் விமானம் கால்மணி முன்னதாகவே இறங்கிவிட்டது.

"உனக்குக் கல்யாணம் தினமும் நடக்கணும்மா," என்றார்.

ஏழாவது புள்ளி திரும்பியது. "பெலகோஸ் நாற்பத்திரண்டு, இறங்குபாதைக்கு வரலாம்," என்றாள்.

அப்போதுதான் வெளியூர்ச் சுற்றுலாக் கூட்டத்தை ஏற்றிவந்த ஆறாவது விமானம் நினைத்ததைவிட முன்னதாகவே வேகத்தைக் குறைத்தது. புது விமானி போலிருக்கிறது, எதிர்க்காற்றுக்குப் பயந்துவிட்டான். மூன்று மைல் இரண்டே முக்காலானது. சராந்திஸ் ஆடுவதை நிறுத்தினான்.

"இடைவெளி பிடிச்சுக்கும்," என்றான் மெதுவாக. "விடு, பிடிச்சுக்கும்டி."

இரண்டரையாகிவிட்டது, அதற்குக் கீழே போக விதியில் இடமில்லை. விட்டால் ஒருவேளை பிடித்துக்கொள்ளும். ஒருவேளை என்பதை அந்த அறையில் யாரும் விமானத்துக்குக் கொடுப்பதில்லை.

"பெலகோஸ் நாற்பத்திரண்டு, இடப்பக்கம் திரும்பி மூவாயிரம் அடிக்கு ஏறுங்க. மன்னிச்சுக்கோங்க, முன்னால இடைவெளி போதல."

புள்ளி வரிசையைவிட்டு விலகிக் கடல்பக்கம் போனது. பின்னால் வந்தவர்கள் ஏற்கெனவே நெருக்கிக் கோத்த மணிகள், நடுவில் செருக இடமில்லை. அவள் கட்டிய அழகான வரிசையில் எல்லோரும் சீக்கிரம் இறங்கினார்கள், அவளுடைய ஆள் ஒருவனைத் தவிர. அவன் கடைசிக்குப் போனான்.

பிறகு சராந்திஸ் தொண்டையைச் செருமினான்.

"கலக்தோபுரேகோ," என்றான்.

ஆஸிமீனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நெருக்கி வைத்து யாரையாவது சுற்ற விட்டால், பாகில் ஊறிய அந்தப் பால் இனிப்பை அபராதமாக ஷிப்டுக்கே ஒரு தட்டு வாங்கித் தர வேண்டும். கல்யாணப்பெண் என்றாலும் விலக்கில்லை. சிரித்ததில் கண்ணில் நீர் வந்தது, மை கரைந்தது. அதே மூச்சில் எட்டாவதை இறக்கினாள்.

பாண்டெலிஸ் வராந்தாவுக்குப் போய்க் கோயிலுக்குப் போன் போட்டார். கதவு வழியாக அவர் குரல் கேட்டது.

"சாமி, ஆறு மணிக்காரங்க லேட்டு... ஆமா சாமி, தோழன் வானத்துலதான் சுத்திக்கிட்டிருக்கான்... யார் சுத்த விட்டதா? பொண்ணேதான்."

மறுமுனையில் பாதிரியார் சிரித்த சிரிப்பு அறைக்குள் வரை வந்தது. அவருடைய கோயில் இறங்குபாதைக்கு நேர்கீழே இருந்தது, இருபது வருஷமாக விமானத்துக்கு நடுநடுவே ஜெபம் சொல்கிறவர்.

பாண்டெலிஸ் திரும்பி வந்தார். "ஏழு மணிப் பொண்ணு நாலு மணியிலிருந்தே வாசல்ல நிக்குதாம். அவங்களை முன்னால இறக்கிடறேங்கறாரு. நீ ரெண்டாவது. இடைவெளி விட்டு வரச் சொன்னாரு."

பெலகோஸ் நாற்பத்திரண்டு இறங்கும்போது மாலை ஷிப்டு ஆள் வந்துவிட்டான். ஆஸிமீனா செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

கோயிலில் கடைசியாக வந்து சேர்ந்தவன் த்ராசோஸ். முடிப் பெட்டியை மார்போடு அணைத்தபடி யோர்தானிஸின் கழுத்தைக் கட்டிக்கொண்டான்.

"மச்சான், யாருடா அந்த ரேடார்ல உக்காந்திருந்தது? கோயில் கூரை தெரியுது, உங்கம்மா தொப்பிகூடத் தெரியுது. அப்படியே தூக்கிக் கடல்ல சுத்த விட்டுட்டான் படுபாவி! கையில கிடைச்சான்னா..."

"கல்யாணத்தை முடிடா முதல்ல," என்றான் யோர்தானிஸ், உதட்டைக் கடித்துக்கொண்டு. ஆஸிமீனா மெழுகுவர்த்தியையே பார்த்தாள்.

நாடாவால் இணைத்த முடிகளை த்ராசோஸ் இருவர் தலைக்கும் நடுவே மாற்றினான். ஒருமுறை. இரண்டாம் முறை மாற்றும்போது கூரைக்கு மேலே ஒரு விமானம் இரைந்தது. பாதிரியார் வழக்கம்போல ஜெபத்தை நிறுத்திக் கண்ணை மூடினார். சத்தம் அடங்கியது. அவர் வாயைத் திறந்தார்.

"இன்னொண்ணு வருது சாமி," என்றாள் ஆஸிமீனா தன்னையறியாமல். "மூணு மைல்தான் விட்டிருக்காங்க. கொஞ்சம் பொறுங்க."

அடுத்தது இரைந்துகொண்டு வந்தது.

த்ராசோஸின் கை பாதி வழியில் நின்றது. அவன் கண்கள் மெதுவாக இறங்கி, அவள் தாடைக்குக் கீழே ஹெட்போன் அழுத்தி விட்டிருந்த சிவந்த கோட்டைப் பார்த்தன.

"நீயா?"

"முடியை மாத்துங்க அண்ணே," என்றாள் அவள். "பின்னால எட்டு மணிக்காரங்க நெருக்கிட்டு வர்றாங்க."