ரேடியோ செட் பாடாத விடியல்

வாயில் வைத்த வேப்பங்குச்சியை எடுக்காமலே விருமாண்டி மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் கேட்டது அப்படிப்பட்ட விஷயம். மார்கழி மாதத்தில், விடியற்காலையில், மரத்தில் கட்டியிருக்கும் ஒலிபெருக்கிக் குழாயில் பாட்டுப் போடாமல் இருக்க வேண்டுமாம்.

“ஒரே ஒரு நா. ஏழாந்தேதி மட்டும்” என்றாள் செல்லத்தாய்.

“கிறுக்குப் புடிச்சிருச்சா ஒனக்கு?”

விருமாண்டி ரேடியோ செட் என்றால் அன்றைக்கு வில்லாபுரத்தில் தெரியாதவர் கிடையாது. கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அவருடைய செட்தான். மார்கழி பிறந்துவிட்டால் தெருமுனைப் பிள்ளையாருக்கு இலவச சேவை. கோழி கூவும் முன்பே எழுந்து, துண்டைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஒரு செருமலோடு “ஹலோ, மைக் டெஸ்ட்டிங், ஒன், டூ, த்ரீ” என்பார். அப்புறம்தான் இசைத்தட்டில் ஊசி இறங்கும். மில்லில் முதல் ஷிப்டுக்குப் போகிறவர்கள், பால் கறப்பவர்கள், கோலம் போடும் பெண்கள் எல்லாரும் கண் விழிப்பது அந்தச் செருமலில்தான். சூரியனும் தன் செருமலுக்குத்தான் காத்திருக்கிறது என்று அவருக்கு உள்ளூர ஒரு நினைப்பு. பாவம், அதைக் குறை சொல்லவும் முடியாது. ஒரு தெருவையே தினமும் எழுப்புகிற மனிதர் வேறு எப்படி நினைப்பார்?

செல்லத்தாய்க்குத்தான் அந்தக் குழாய் தலைக்கு நேர்மேலே இருந்தது. தெற்குவாசலில் ஒரு பள்ளிக்கூட அறையில் ஞாயிறுதோறும் தியான வகுப்பு நடந்தது. மூட்டுவலிக்கு நல்லது என்று யாரோ சொல்லித்தான் அவள் போக ஆரம்பித்தாள். மூட்டுவலி அப்படியேதான் இருந்தது. ஆனால் முதல்நாளே வேறொரு சங்கதி தெரிந்துவிட்டது. கண்ணை மூடி உள்ளே என்ன இருக்கிறது என்று கவனிக்கச் சொன்னார்கள். அவளும் கவனித்தாள். உள்ளே புருஷன் செருமினார். “ஹலோ, மைக் டெஸ்ட்டிங்” என்றார். மற்றவர்களுக்கெல்லாம் அமைதி, ஆனந்தம் என்று ஏதேதோ கிடைக்க, இவளுக்கு மட்டும் ஒன், டூ, த்ரீ. சிரிப்பை அடக்கியபடி வீடு வந்து சேர்ந்தவளுக்கு, இரவு படுத்தபோது அழுகை வந்தது. இத்தனை வயதுக்கு என் மனசுக்குள்ளே எனக்கென்று ஒன்றுமே இல்லையா?

அந்த வகுப்பில்தான் சொன்னார்கள், மார்கழி ஏழாம் தேதியோடு இரவு நீளுவது நின்றுவிடுகிறது என்று. அதன் பிறகு பொழுது கொஞ்சம் கொஞ்சமாக நமக்குத் திரும்பி வருகிறது. அந்த விடியலைச் சத்தமில்லாமல் உட்கார்ந்து வரவேற்க வேண்டும் என்றார்கள். தை பிறக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பதே அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்த ஒரு விடியல் கிடைத்தால் போதும், உள்ளே என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிடலாம்.

இதை அவள் விருமாண்டியிடம் விளக்கவில்லை. விளக்கினால் மனிதர் நொந்துபோவார். “எனக்குன்னு இதுவரைக்கும் எதாச்சும் கேட்டிருக்கேனா?” என்று மட்டும் சொன்னாள். விருமாண்டி வேப்பங்குச்சியைத் துப்பினார். அவள் எதுவும் கேட்டதாக அவருக்கும் ஞாபகம் வரவில்லை. ஆறாம் தேதி சாயங்காலம் ஆம்ப்ளிபயரைத் துணியால் மூடியவர், “ரிப்பேருன்னு பூசாரிட்ட சொல்லிக்கிறேன், போ” என்றார்.

ஏழாம் தேதி விடியற்காலை செல்லத்தாய் தலைக்குக் குளித்து, ஈரக்கூந்தலை முதுகில் விரித்துவிட்டு, முன்னறையில் ஒரு விளக்கேற்றி வைத்தாள். கிழக்குத் தெரிய வேண்டும் என்று வாசல் கதவைத் திறந்து வைத்தாள். விருமாண்டி பழக்கதோஷத்தில் முன்னதாகவே எழுந்துவிட்டார். என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு தடவை வீட்டைச் சுற்றி நடந்தார். பிறகு விளக்குக்குப் பக்கத்திலேயே பாயைப் போட்டு, குளிருக்கு வெள்ளை வேட்டியைத் தலையோடு கால் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார். மார்கழியில் அவர் விடியற்காலை தூங்குவது அதுதான் முதல் முறை. ஆழ்ந்து தூங்கினார், குறட்டைகூட இல்லை.

செல்லத்தாய் கண்ணை மூடினாள். வழக்கம்போல உள்ளே செருமல் வந்தது. ஒன், டூ, த்ரீ வந்தது. ஒரு பாட்டும் பாதிவரை ஓடியது. அதை நிறுத்தப் பார்க்காமல் விட்டுவிட்டாள். வெளியிலிருந்து உதவி கிடைக்காததால் அது தானாகவே தேய்ந்து நின்றது. அப்புறம் எங்கோ ஒரு கிணற்று உருளையின் சத்தம். பனிச்சொட்டு ஓட்டிலிருந்து விழுவது. தன் மூச்சு போவதும் வருவதும். இவ்வளவுதானா என்று நினைத்தாள். இவ்வளவும் என்னுடையதா என்றும் நினைத்தாள். காரணமே இல்லாமல் நெஞ்சு நிறைந்து, மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

இந்த நேரத்தில் தெரு பதறிக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியாது. அந்தத் தெருவில் மார்கழிப் பாட்டு நிற்பதென்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: தெருவில் சாவு விழுந்திருக்கிறது. பிணம் எடுக்கும்வரை கோயிலும் திறக்காது, செட்டும் பாடாது. ராக்கம்மாள் கோலப்பொடியோடு வெளியே வந்து காது கொடுத்தாள். ஒன்றுமில்லை. எந்தச் சாவு வீட்டிலும் முதல் ஆளாகப் போய் ஒப்பாரி எடுப்பவள் அவள். கோலப்பொடியைக் கீழே வைத்துவிட்டு நாலைந்து பெண்களைக் கூட்டிக்கொண்டு, நெடுநாளாக இழுத்துக்கொண்டிருந்த கண்ணுச்சாமி வீட்டுக்குத்தான் முதலில் போனாள். கண்ணுச்சாமி வாசலில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார்.

“நான் இருக்கேன்த்தா. வேற யாருன்னு பாருங்க” என்றார்.

செட்டுக்காரருக்குத் தெரியாமலா இருக்கும் என்று எல்லோரும் விருமாண்டி வீட்டுக்கு வந்தார்கள். கதவு விரியத் திறந்திருந்தது. விளக்கு எரிந்தது. வெள்ளை வேட்டி மூடிய உருவம் நீட்டிக் கிடந்தது. பக்கத்தில் தலைவிரி கோலமாகச் செல்லத்தாய், கண்ணை மூடி, கன்னத்தில் கண்ணீரோடு. இதற்கு மேல் யாரும் எதையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

“ஊரையெல்லாம் எழுப்பிவிட்ட எங்கண்ணே... இப்ப ஒன்னய எழுப்ப ஆளில்லையே!” என்று ராக்கம்மாள் மாரில் அடித்துக்கொண்டு உள்ளே பாய்ந்தாள்.

வெள்ளை வேட்டி விசுக்கென்று எழுந்து உட்கார்ந்தது. இரண்டு பெண்கள் அலறிக்கொண்டு வாசலைத் தாண்டிப் போய் விழுந்தார்கள்.

“யாரு... யாரு போயிட்டது?” என்றார் விருமாண்டி.

“நீதேண்ணே!” என்றாள் ராக்கம்மாள், அடித்த கையை மாரிலிருந்து எடுக்காமல்.

கண்ணைத் திறந்த செல்லத்தாய்க்கு முதலில் கோபம்தான் வந்தது. ஒரே ஒரு விடியல் கேட்டேனே, அதையும் ஒப்பாரி வைத்துக் கெடுத்துவிட்டார்களே. பிறகு புருஷனின் முகத்தைப் பார்த்தாள், ராக்கம்மாளின் முகத்தைப் பார்த்தாள். அடிவயிற்றிலிருந்து கிளம்பியது சிரிப்பு. ஒருத்திக்கு வந்தது எல்லோருக்கும் தொற்றியது. விஷயத்தைச் சொன்னதும் ராக்கம்மாள் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். “எம் மதினிக்கு மார்கழியில வந்த ஆசையப் பாரு” என்று கண்ணைத் துடைத்தாள்.

“நாங் கெடுத்துட்டேனே மதினி. இனி அடுத்த வருசந்தானா?”

செல்லத்தாய் வாசலைப் பார்த்தாள். தெரு முடிகிற இடத்தில், வயலுக்கு அப்பால் வானம் வெளுத்திருந்தது, அவ்வளவுதான். சூரியன் இன்னும் வரவில்லை.

“பொழுது இன்னும் வெளிய வரல. வந்தது வந்துட்டீக, கொஞ்ச நேரம் உக்காருங்க. யாரும் பேசக்கூடாது.”

எழவு கேட்க வந்தவர்கள் எல்லோரும் செல்லத்தாயோடு தெருவிலேயே கிழக்கு பார்த்து உட்கார்ந்தார்கள். இருமலை விழுங்கிக்கொண்டு கண்ணுச்சாமியும் வந்து சேர்ந்தார். விருமாண்டி கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு வேட்டியைப் போர்த்தியபடி மனைவிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். செருமல் தொண்டைவரை வந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஈர மண்ணில் இத்தனை பேர் சும்மா உட்கார்ந்திருப்பதை ஒரு ஆடு நின்று பார்த்துவிட்டுப் போனது.

பனிக்குள்ளிருந்து சூரியன் சிவப்பாக, மெதுவாக மேலே வந்தது. யாரும் கூப்பிடாமலே வந்தது. செல்லத்தாய் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். உள்ளே நிறைந்திருந்தது இனி அங்கே நிற்காது என்று தோன்றியது. அவள் தலையை நிமிர்த்தி, உதட்டுக்கு மேல் கையைக் குவித்து, நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டாள். பிள்ளை பிறந்த வீட்டில் இடுகிற மாதிரி நீளமான குலவை. விருமாண்டி வாயிலிருந்த கையை எடுக்க மறந்து அவளையே பார்த்தார். ராக்கம்மாள் தொடர்ந்தாள், மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அவர்கள் நிறுத்திய பிறகும் சத்தம் நிற்கவில்லை. எதற்கென்று தெரியாமலே அடுத்த தெருவில் யாரோ ஒருத்தி குலவையிட்டுக்கொண்டிருந்தாள், அதற்கும் அப்பால் இன்னொருத்தி.