கூட்டாமல் குறைக்காமல்

முன்பெல்லாம் அகதிகளின் நேர்காணலுக்கு மொழிபெயர்க்க நேரில் போவேன். இரண்டு மணி நேரம் தருவார்கள். அழுகிறவர்கள் அழுது முடிக்கவும் அவகாசம் இருக்கும். நிதியைக் குறைத்தார்கள், ஒரு மணி நேரமானது. மறுபடி குறைத்தார்கள். இப்போது என் சமையலறை மேசையிலிருந்து ஃபோனில் இருபது நிமிடம், அதோடு தொடர்பு தானாகவே அறுந்துவிடும். பால் பொங்கி வழிந்தாலும் எழுந்து போகக் கூடாது. சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டும்; சொந்தமாக ஒரு வார்த்தை பேசக் கூடாது. என் வாய்க்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது என்பார் என் கணவர்.

அன்று பேசியவள் போருக்குத் தப்பி வந்த ஒரு தாய். வழியில் வேறொரு நாட்டில் மகளைத் தன் அக்காவிடம் விட்டுவிட்டு வந்தவள். மகளுக்கு இப்போது பதினைந்து வயது. அவளை அழைத்துக்கொள்ள மனுப் போட்டு, மூன்று வருடம் காத்திருந்து வாங்கிய இருபது நிமிடம் இது.

தமிழ்க் குரலைக் கேட்டதுமே குளிர்ந்துபோனாள்.

"தங்கச்சி, நல்லா இருக்கியாம்மா? சாப்பிட்டியா?"

விதிப்படி அதையும் மொழிபெயர்த்தேன். தான் சாப்பிட்டுவிட்டதாக, நேர்காணல் எடுத்த அதிகாரி பதில் சொன்னார்.

"ஐயா புள்ளகுட்டியோட நல்லா இருக்கணும்" என்று வாழ்த்தினாள். அட்டை எண், முகவரி, தேதிகள் என்று பத்து நிமிடம் போனது. பிறகுதான் அவர் கேட்டார், மகள் எப்படி இருக்கிறாள் என்று.

"நல்லா இருக்கா ஐயா. ஒரு குறையும் இல்ல."

எனக்குத் திக்கென்றது. நம் ஆட்களிடம் யார் விசாரித்தாலும் வருகிற பதில்தான் இது. கூரை பறந்து போயிருந்தாலும் முதலில் நல்லா இருக்கோம் என்போம். கஷ்டம் நாலாவது பேச்சில்தான் வெளியே வரும். நாலாவது பேச்சுக்கு இங்கே ஏது நேரம்? பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே சொன்னேன்.

"அப்படியானால் அவசரமில்லை" என்று முணுமுணுத்தபடி அவர் தட்டச்சு செய்வது கேட்டது. பத்தொன்பதாவது நிமிடம், வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்றார்.

"ஒண்ணுமில்ல. ஐயாவுக்கு எதுக்குச் சிரமம்?"

அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. விதியாவது ஒன்றாவது!

"அக்கா, பொண்ணு இப்ப யார்கூட இருக்கா?" என்று நானாகவே கேட்டேன்.



"யாருமில்லம்மா. எங்கக்கா செத்துப்போய் எட்டு மாசமாச்சு. தனியாத்தான் இருக்கா. ராத்திரியில வாடகைக்கு விட்ட வீட்டுக்காரன் வந்து கதவத் தட்டுறானாம். கதவுக்குக் குறுக்கால மேசைய இழுத்துப் போட்டுட்டுத்தான்…"

தொடர்பு அறுந்தது. அதிகாரியின் காதில் விழுந்தது வெறும் தமிழ்ச் சத்தம்.

திரும்ப அழைக்க எனக்கு எண் கிடையாது. திரையில் எப்போதும் வருகிற கேள்வி வந்து நின்றது: மொழிபெயர்ப்பு முழுமையாக நடந்ததா? ஆம் என்றால், அவசரமில்லை என்ற அந்த வரியோடு கோப்பு இன்றே முடிவுக்குப் போய்விடும்; அப்படிப் போகிற மனுக்கள் பெரும்பாலும் தள்ளுபடிதான். இல்லை என்றால் நேர்காணல் செல்லாது. வேறு தேதி தருவார்கள். இப்போதுள்ள வரிசையில் அதற்குப் பதினான்கு மாதம் ஆகும். முன்பு காரணம் எழுத ஒரு கட்டம் இருந்தது. அதையும் எடுத்துவிட்டார்கள்.

ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யாரைத் திட்டுவது என்றுதான் தெரியவில்லை. அடுத்த அழைப்புக்கு இரண்டு நிமிடம் இருந்தது.

இல்லை என்று அழுத்தினேன். இன்னும் பதினான்கு மாதம் அந்தப் பெண் அந்தக் கதவுக்குப் பின்னால் தனியாக இருக்கப்போவது என்னால்தான்.