மோரேகேயில் கரையிறங்காத கப்பல்

தினை அறுத்து முடித்த வாரத்தில் மோரேகே குடாவுக்கு ஒதுங்கிய அந்நியக் கப்பல் தண்ணீரில் மிதக்கவில்லை. தண்ணீருக்கு இரண்டு ஆள் உயரம் மேலே, அந்தரத்தில் நின்றது. ஜெஜு தீவுக்காரர்களான எங்களுக்கு அது ஒரு செய்தியாகவே படவில்லை. அந்நியக் கப்பல் எந்த ஊர்க் கரையில் ஒதுங்குகிறதோ அந்த ஊர்தான் அதிலிருப்பவர்களுக்குச் சோறு போட வேண்டும் என்பது அரசுச் சட்டம், அதுதான் செய்தி. எனவே எங்கள் ஆட்கள் நீள மூங்கில்களால் கப்பலை நெட்டித் தள்ளி, பக்கத்து ஊரான சாங்போவின் தலையில் கட்டினார்கள். மறுநாள் சாங்போக்காரர்கள் திருப்பித் தள்ளினார்கள். பசியில் கிடந்தவர்களை வைத்து இரண்டு ஊரும் பந்து விளையாடியதைச் சொல்ல எனக்கு வாய் கூசுகிறது. செய்தவர்களுக்குக் கை கூசவில்லை.

விளையாட்டை நிறுத்தியவள் ஒக்தான். கடலில் மூழ்கிப் பாறையிலிருந்து அபலோன் சிப்பி பெயர்க்கிறவள். ஐந்து வருடத்துக்கு முன் மீன்பிடிக்கப் போன புருஷன் தோல்சேயைப் புயலுக்குப் பறிகொடுத்தவள். அந்தத் தோல்சே கப்பலிலிருந்து எட்டிப் பார்த்து, "ஒக்தான், மூங்கில் பிடிச்சிருக்கிறவன் என் சித்தப்பா மவன்தானே? அவனுக்கு இன்னும் புத்தி வரலையா?" என்று கேட்டான். அந்நியர்கள்தான் அவனை நடுக்கடலில் தூக்கியெடுத்திருந்தார்கள். ஒக்தான் கப்பல் கயிற்றைத் தன் வீட்டுக் கல்சுவரில் கட்டினாள். அதற்குமேல் தள்ள யாருக்கும் தைரியம் வரவில்லை.

அப்புறம் மாவட்ட அதிகாரி மின் வந்தார். தலைநகரத்து ஆள், குதிரைமுடித் தொப்பி, பல்லக்கு, பல்லக்குக்குள்ளேயே வாந்தி. மொழிபெயர்க்கச் சீன மொழி தெரிந்தவன் ஒருவனைக் கூட்டி வந்திருந்தார். "நான் இந்த ஊருதாங்க எஜமான், அந்தா நிக்கிறா என் பொண்டாட்டி" என்று தோல்சே எங்கள் தீவுப் பேச்சில் சொன்னான். இது உலகத்தில் எங்குமே இல்லாத மொழி என்று அந்தப் பிரகஸ்பதி அறிவித்தான். எங்கள் பேச்சைக் காதில் வாங்குவதே கேவலம் என்றிருந்த மின், தலையாட்டிவிட்டு, கப்பலில் எல்லோரும் அந்நியரே என்று தலைநகருக்கு எழுதினார்; பதில் வரும்வரை எவனும் இறங்கக் கூடாது என்றார். பதில் மூன்றாம் வருடம் வந்தது. அந்தக் கப்பலில் வந்த எவன் காலும் நாட்டு மண்ணில் படக் கூடாது, பட்டால் தலை போகும்.

அதுவரை கூடையில் கயிறு கட்டி தினமும் தினைக்கஞ்சி ஏற்றிக்கொண்டிருந்த ஒக்தான் அண்ணாந்து சொன்னாள்: "இறங்கி வாய்யா. மேல பாத்துப் பாத்து எனக்குக் கழுத்தே போச்சு. போனா ரெண்டு தலையும் சேந்தே போகட்டும்."

தோல்சே கயிற்றைப் பிடித்து இறங்கினான். அவன் பாதம் மண்ணுக்கு நாலு விரல் மேலே நின்றுவிட்டது. அத்தனை வருடம் அந்தரத்தில் இருந்த உடம்பு, அதற்குக் கீழே போகவில்லை. மின் ஒரு தாளை அவன் பாதத்துக்கு அடியில் விட்டு மறுபக்கம் இழுக்கச் சொன்னார். தாள் கசங்காமல் வந்தது. ஆணை மீறப்படவில்லை என்று ஊருக்கே அறிவித்தார். ஒக்தான் அப்போதுதான் அழுதாள்.

மின் சும்மா போயிருக்கலாம். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்கிற புத்தி விடுமா? மண்ணில் கால் படாதவன் அரசரின் குடிமகன் ஆக மாட்டான், ஆகவே அரண்மனைக்கு வரியாகச் செலுத்தும் அபலோனில் புருஷன் பங்கையும் பெண்டாட்டியே மூழ்கி எடுக்க வேண்டும் என்றார். அந்தக் கடலில் அத்தனை தடவை மூழ்கிய எவளும் உயிரோடு வந்ததில்லை.

ஒக்தான் கயிறேறிக் கப்பலுக்குப் போனாள். குளிர்காலம் முழுக்க அங்கேயே இருந்து வசந்தத்தில் இறங்கினாள். அவள் காலும் மண்ணில் படவில்லை. கடலில் குதித்தாள், கடல் அவளை உள்ளே விடவில்லை. பாயில் உட்காருவது போல அலைமேல் உட்கார்ந்தாள். அடுத்தடுத்த குளிர்காலங்களில் ஊரே மாறி மாறி ஏறி இறங்கியது. பிறகு அந்நியர்கள் நல்ல காற்றில் கிளம்பினார்கள். ஒருவரும் எங்களுக்குக் கை காட்டவில்லை. அதற்கு நாங்கள் யோக்கியதை உள்ளவர்களா என்ன.

மூழ்க ஆளில்லை. அபலோன் போகாவிட்டால் இப்போது மின்னின் தலை போகும். ஒரு காலையில் அவர் தொப்பியைக் கழற்றிப் பாறையில் வைத்துவிட்டுக் கடலில் இறங்கினார். அலைமேல் உட்கார்ந்திருந்த ஒக்தான் தன் கத்தியை அவரிடம் கொடுத்தாள்.

"வாயை மூடிக்கிட்டுப் போங்க எஜமான். அது ஒண்ணுதான் உங்களுக்குக் கஷ்டம்."

இரண்டு வருடத்தில் சுமாராகப் பழகிவிட்டார். மோரேகேயில் இன்று தரையில் நடக்கிறவர் அவர் ஒருவர்தான். மழை பெய்த மறுநாள் கடலிலிருந்து அவர் வீடு வரைக்கும் ஒரே ஒரு ஆளின் காலடித் தடம் போகும்.