மூச்சை விடச் சொல்லாதவள்

எக்ஸ்ரே அறையில் அவள் வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. படிப்பில் முதல் ஆள். கைவேலை அதைவிடச் சுத்தம். அவள் எடுத்த படத்தை மாடியில் இருக்கும் டாக்டர் ஒருதரம்கூடத் திருப்பி அனுப்பியதில்லை. ஆனால் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல் பேசவே மாட்டாள். சட்டையைக் கழற்றச் சொல்வாள், மோவாயைத் தகட்டின் மேல் வைக்கச் சொல்வாள், "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்பாள். அவ்வளவுதான். விடச் சொல்வதுகூட இல்லை. வந்தவர்கள் தாங்களாகவே மூச்சை விட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு போவார்கள்.

"ரெண்டு வார்த்தை பேசினா குறைஞ்சா போயிடுவ? எல்லாரும் எங்கிட்ட வந்து புலம்புறாங்க" என்று வரவேற்பு மேஜை அக்கா அலுத்துக்கொள்வாள்.

"படம் நல்லா இருக்குல்லக்கா?" என்பாள் இவள்.

அன்று பிற்பகல் ஒரு மெலிந்த மனிதர் சீட்டை நீட்டினார். 'நெஞ்சு' என்ற சொல்லை மட்டும் பார்த்தாள், பெயரைப் பார்க்கவில்லை. தகட்டோடு சேர்த்து நிறுத்தி, மூச்சைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, ஈயக் கண்ணாடிக்குப் பின்னால் போய்ப் பொத்தானை அழுத்தினாள்.

அப்படியொரு படத்தை அவள் எடுத்ததே இல்லை. விலா எலும்பெல்லாம் வரைந்து வைத்ததுபோல. இதயத்தின் விளிம்பில் துளி அசைவு இல்லை. பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். நேரம் போனதே தெரியவில்லை.

போன் அடித்தது. "அடுத்த ஆளை அனுப்பவா?" அக்காதான்.

"இருங்கக்கா, உள்ள ஒருத்தர் இருக்காரு."

"யாரு? சாப்பிட்டு வந்ததுலேருந்து நான் யாரையும் அனுப்பலையே!"

அவள் நிமிர்ந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் நின்ற மாதிரியே நின்றார். தோள்கள் தூக்கியபடி, முதுகு புடைத்தபடி. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொரு நிமிடம்.

ஓடிவிடத்தான் தோன்றியது. ஆனால் வெளியே போகும் கதவு அவருக்குப் பக்கத்தில் இருந்தது. மெல்ல அருகே போனாள்.

"முடிஞ்சிடுச்சு. விடுங்க."

அவர் அசையவில்லை.

"ஐயா, பயமா இருக்கா?"

தலை மட்டும் லேசாக, ஆமென்று ஆடியது.

தோளைத் தொட்டாள். தகட்டின் சில்லிப்பு. கையை எடுக்காமல் சொன்னாள்: "என்மேலதான் தப்பு. அப்பவே சொல்லியிருக்கணும். படம் நல்லா வந்திருக்கு. பயப்படாதீங்க. மெதுவா மூச்ச விடுங்க. வீட்டுக்குப் போகலாம்."

தோள்கள் இறங்கின. மூச்சு வெளியே வந்தது. வந்துகொண்டே இருந்தது. மேஜைமேல் இருந்த தாள்கள் படபடத்து அடங்கும்வரை வந்தது.

"போன தடவ எடுத்த தம்பி விடச் சொல்லவே இல்லம்மா" என்றார் அவர். "சொல்லுவாருன்னு நின்னுக்கிட்டே இருந்தேன்."

சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். பின்னாலேயே ஓடிப் பார்த்தாள். நடையில் அக்கா மட்டும் வந்துகொண்டிருந்தாள்.

நடந்ததைக் கேட்டதும் அக்காவின் முகம் வெளிறியது. "ரெண்டு வருஷம் முன்னாடி அந்த ரூம்ல ஒருத்தர் நின்ன வாக்குலயே போயிட்டாரு. அத உனக்கு யாரு சொன்னா?"

அடுத்து இருமிக்கொண்டே ஒரு பருத்த அம்மாள் வந்தார். இவள் சீட்டை வாங்கி முதலில் பெயரைப் படித்தாள். ஊர், பிள்ளைகள் என்று நடுங்கும் குரலில் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"என்னைவிட உனக்குத்தான்டி உடம்பு சரியில்லபோல" என்றார் அந்த அம்மாள்.