கஜபதியின் சக்கரங்கள் கேட்ட மலை

1993ஆம் ஆண்டு ஆடி மாதம் இரண்டாம் செவ்வாய்க்கிழமை காலை ஆறேகாலுக்கு, பட்டாபிராமுக்கும் ஆவடிக்கும் நடுவிலிருந்த கருவேலம் பொட்டலில் ஒரு மலை முளைத்தது. உயரம் நாற்பத்திரண்டு அடி. அன்று கத்திரிக்காய் கிலோ நான்கு ரூபாய். மலைக்குக் காரணம் கஜபதிதான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அந்த வட்டாரத்திலேயே மலை தேவைப்பட்ட ஆள் அவர் ஒருவர்தான்.

கஜபதி ராணுவத் தொழிற்சாலையில் ஃபிட்டர். எடை நூற்றுப் பதினான்கு கிலோ. அவர் உட்கார்ந்தால் நாற்காலி முனகும், கட்டில் புலம்பும், பஸ் ஒரு பக்கம் சாயும். மலையில் ஓட்டும் சைக்கிள் என்று தடித்த டயரோடு ஒன்று கடைக்கு வந்தபோது, மலையைச் சமாளிப்பது தன்னையும் சமாளிக்கும் என்று நம்பி வாங்கினார். சைக்கிள் தாங்கியது, சக்கரங்கள் தாங்கவில்லை. மூன்று மாதத்தில் நான்கு ஜோடி, எண்ணெயில் விழுந்த அப்பளமாக நெளிந்தன. ஒவ்வொரு முறையும் அவர் சைக்கிளைத் தோளில் சுமந்து வீடு திரும்பியபோது தெருவே வேறு பக்கம் பார்த்துச் சிரித்தது.

அப்போதுதான் திருமுல்லைவாயில் ஸ்டேஷன் பின்புறம் ஆளுக்கேற்றபடி கையால் சக்கரம் கட்டும் ஜமீலாவைப் பற்றிக் கேள்விப்பட்டார். ரெடிமேட் சட்டையை டெய்லர் பார்ப்பதுபோல, கடைச் சக்கரத்தை ஜமீலா பார்ப்பாள். அவரை அரிசி மண்டித் தராசில் நிறுத்தி எடை பார்த்தாள். முதலில் எந்தக் காலால் மிதிப்பார், பள்ளத்தில் விழுந்தால் யாரைத் திட்டுவார் என்றெல்லாம் விசாரித்தாள். பிறகு சக்கரத்துக்கு முப்பத்தாறு ஸ்போக்ஸ் கம்பிகளையும் ஒவ்வொன்றாகக் கோத்து, விரலால் சுண்டிக் காதால் கேட்டு முறுக்கினாள். பத்தொன்பது நாள் ஆயிற்று.

"இன்னா மலைல ஏத்தப் போறீங்கோ அண்ணாத்தே?"

"மலையா? வேலைக்குப் போறதுக்கும்மா."

"மலைக்குன்னு கட்டுனது. அது மலையத்தான் கேக்கும். அப்பால எங்கிட்ட வந்து நிக்காதீங்கோ."

சக்கரங்கள் முனகவில்லை. கஜபதி வாழ்நாளில் முதல்முறையாக, ஏறி உட்கார்ந்ததும் எந்தச் சத்தமும் கேட்காமல் இருந்தார். அண்ணனூர் வரை போய், ஒரு புளியமரத்தடியில் நின்று கொஞ்ச நேரம் அழுதார்.

மூன்றாம் வாரம் சக்கரங்களுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மேடு கண்ட இடமெல்லாம் ஏறின. ரயில்வே மேம்பாலத்தில் அவரை ஒரே காலையில் பதினோரு முறை ஏற்றி இறக்கின. ஏரிக்கரை, செங்கல் குவியல், ஒரு கல்யாண மண்டபத்து மேடை எதையும் விடவில்லை. மேடையில் மாப்பிள்ளை எழுந்து இடம் கொடுத்தார். தொழிற்சாலையில் தாமதத்துக்கு இரண்டு மெமோ வந்தாயிற்று. மூன்றாவது வந்தால் சஸ்பெண்ட்.

"அத்தக் கயட்டிப் போட்டுட்டு கடச் சக்கரத்தயே மாட்டுய்யா" என்றாள் மனைவி ஜெகதாம்பாள்.

"நான் குந்துனா சலிச்சிக்காதது உலகத்துலயே அது ஒண்ணுதான்மே" என்றார் கஜபதி.

அவர் ஜமீலாவிடமே போய் நின்றார். அவள் ஒரு கம்பியைச் சுண்டிக் கேட்டு, "பசி" என்றாள். தளர்த்திக் கட்டித் தரவா என்றதற்கு அவர் சக்கரத்தை மார்போடு அணைத்துக்கொண்டார். "அப்போ பிரேக்க புடிக்காதீங்கோ, அது போற தெசைல வுடுங்கோ."

மறுநாள் செவ்வாய். கஜபதி பிரேக்கைத் தொடவில்லை. பொட்டலில் சக்கரங்களுக்கு முன்னால் தரை, புளித்த தோசைமாவு போல மெதுவாகப் பொங்கியது. அவர் பயந்தார், ஆனால் மிதித்தார். உச்சியில் காற்று குளிர்ந்திருந்தது. கீழே ரயில் எறும்பாக ஊர்ந்தது. நூற்றுப் பதினான்கு கிலோவும் அவரோடுதான் மேலே வந்திருந்தது, ஆனால் எதுவும் கனக்கவில்லை. மறுபக்கம் இறங்கியபோது நேராகத் தொழிற்சாலை வாசல். சங்கு ஊத இன்னும் எட்டு நிமிஷம் இருந்தது.

தாலுகா ஆபீசிலிருந்து சர்வேயர் பரந்தாமன் வந்து அளந்து, "மலை ஒன்று, புதியது" என்று எழுதிப் போனார். ஆடுகள் ஏறின. மேற்குப் பக்கத்துக் குவார்ட்டர்ஸில் காலைவெயில் தாமதமாவதால் துணி காயவில்லை என்று ஒரு மனு போயிற்று. 1995இல் பஸ்காரர்கள் அங்கே மலை ஸ்டாப் என்று குரல் கொடுக்க ஆரம்பித்தார்கள். சக்கரங்கள் மலை ஏறியதிலிருந்து ஒருநாளும் அடம் பிடிக்கவில்லை.

மலை வந்ததற்கு அடுத்த தைப் பொங்கலுக்கு என்ன வேண்டும் என்று கஜபதி கேட்டார். ஜெகதாம்பாள் கொஞ்சம் யோசித்தாள்.

"அந்த ஜமீலாவாண்ட எனக்கும் ஒரு ஜோடி கட்டச் சொல்லு. சின்ன மலையா வந்தா போதும். கொல்லப் பக்கமா வரட்டும், வாசல்ல வந்தா கோலம் போட முடியாது."