வக்கீலின் ஆமா

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தொலைக்காட்சியில் அந்த விவாதம் வரும். ஒரு பக்கம் வக்கீல், எதிர்ப்பக்கம் பேராசிரியர். போர், எல்லை, அணு உலை, மரண தண்டனை, எதை எடுத்தாலும் அரசாங்கம் செய்வது சரி என்பார் பேராசிரியர். இல்லை என்பார் வக்கீல். பேராசிரியர் பொருளாதாரக்காரர், ஒவ்வொரு புள்ளிவிவரமாக எடுத்துவைத்து நிதானமாகப் பேசுவார். வக்கீலுக்கு அந்தப் பொறுமை கிடையாது. எதிராளி மூச்சு வாங்குகிற இடம் பார்த்துப் புகுந்துவிடுவார். ஜனங்கள் அதற்காகத்தான் பார்த்தார்கள்.

ஆற்றுக்கு அந்தப் பக்கத்து நாட்டோடு சண்டை மூண்டபோது அங்கிருந்து குடும்பம் குடும்பமாக ஆட்கள் இந்தப் பக்கம் தப்பி வந்தார்கள். ஊருக்கு வெளியே தகரக் கொட்டகை போட்டு அவர்களை வைத்திருந்தார்கள். கொஞ்ச நாளில் எல்லோரையும் திருப்பி அனுப்ப உத்தரவு வந்தது. அதை எதிர்த்து வழக்கு நடத்தியவர் வக்கீல்தான்.

அந்த வார விவாதமும் அதைப் பற்றியதுதான். இங்கே ஆஸ்பத்திரியில் கட்டில் கிடைக்காமல் தரையில் கிடக்கிறவனுக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டார் பேராசிரியர். இரக்கத்துக்கும் ஓர் அளவு வேண்டும், போரை முழு மூச்சாக நடத்தி முடித்தால்தான் வந்தவர்களும் தங்கள் வீட்டுக்குத் திரும்ப முடியும், அதற்கு இளைஞர்கள் படையில் சேர வேண்டும் என்றார். நன்றாகத்தான் பேசினார். வக்கீல் ஒன்றுக்கும் பதில் சொல்லவில்லை.

"உங்க பையனுக்குப் படையில சேர்ற வயசுதானே? இப்ப எங்க இருக்கான்?" என்று மட்டும் கேட்டார்.

பையன் வெளிநாட்டில் படித்துக்கொண்டிருந்தான். பேராசிரியர் வாயைத் திறந்தார், மூடினார். அந்தக் காட்சி மறுநாள் எல்லோர் கைப்பேசியிலும் ஓடியது. பேராசிரியர் வகுப்புக்குள் நுழைந்தால் கரும்பலகையில் அதே கேள்வி எழுதியிருந்தது.

பையனுக்கு இதயத்தில் பிறவிக் கோளாறு. எந்தப் படையும் அவனை எடுக்காது. அதை வெளியே சொல்லக் கூடாது என்று அவன் அப்பாவிடம் வாக்கு வாங்கியிருந்தான். இதெல்லாம் வக்கீலுக்கும் தெரியும். அன்று விவாதம் முடிந்து வீடு திரும்பும்போது காரில் மனைவியிடம் அவரே சொன்னார்.

"தெரிஞ்சுதான் கேட்டேன். அந்த ஆளு வாயத் திறக்க மாட்டான்னும் தெரியும்."

நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைகிற வேலை மனைவிக்கு. வீட்டில் அவளும் ஓர் எதிராளிதான். புதுத் திரைச்சீலை வாங்குவதென்றாலும் அவரிடம் வாதாடி ஜெயிக்க வேண்டும். அவள் ஜெயித்ததில்லை. படுக்கையில் விழுந்த தன் அம்மாவை வீட்டில் கொண்டுவந்து வைத்துக்கொள்ளலாமா என்று ஒருமுறை கேட்டாள். "காரணங்களைச் சொல்லு, ஒவ்வொண்ணா" என்றார். ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஒவ்வொன்றாக உடைத்தார். அம்மா முதியோர் இல்லத்தில் செத்துப்போனாள்.

அடுத்த மழைக்காலத்தில், கோர்ட்டு வராந்தாவில் நடந்துகொண்டிருந்தபோது வக்கீல் சுருண்டு விழுந்தார். பக்கவாதம். வலது கையும் காலும் போயின. பேச்சும் போயிற்று, ஒரே ஒரு வார்த்தையைத் தவிர. வாயைத் திறந்தால் 'ஆமா' என்றுதான் வந்தது. தண்ணீர் வேண்டுமென்றாலும் ஆமா, வேண்டாமென்றாலும் ஆமா. பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண், சிலருக்கு இப்படி ஒரு சொல் மட்டும் தங்கிவிடும் என்றாள். நீங்கள் பேசுவதெல்லாம் அவருக்குப் புரிகிறது, நினைப்பதும் உள்ளே பழையபடி ஓடுகிறது, பேச்சோ எழுத்தோ சைகையோ வெளியே வரும் வழிதான் அடைத்துக்கொண்டது, அவருக்குப் பிடித்த விஷயங்களை அவரிடம் நிறையப் பேசுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பேசுவதற்குப் பேராசிரியர் வந்தார். கையில் பழப்பை இருந்தது. வக்கீலின் மனைவியைத் தங்கச்சி என்று கூப்பிட்டார். அவளுக்கு முதலில் நன்றியாகத்தான் இருந்தது. செய்தித்தாளைப் பிரித்து, போர் எங்கே நிற்கிறது, யார் யாருக்கு ஆயுதம் விற்கிறார்கள் என்றெல்லாம் படித்துக் காட்டினார். வக்கீல் ஏதோ மறுத்துச் சொல்ல வாயெடுத்தார்.

"ஆமா" என்றார்.

பேராசிரியர் தாளைத் தாழ்த்தி அவரையே பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அப்ப போர் நடத்துறது சரிதானே?"

"ஆமா." வக்கீலின் இடது கை நாற்காலியை அறைந்தது. "ஆமா, ஆமா."

அதற்கப்புறம் வாராவாரம் வந்தார். சில நாள் கல்லூரியிலிருந்து ஒன்றிரண்டு பேரையும் கூட்டிவந்தார். எல்லையை மூட வேண்டும்தானே, கொட்டகைக்காரர்களைத் துரத்த வேண்டும்தானே, இத்தனை வருஷமாகத் தொலைக்காட்சியில் உளறியதெல்லாம் தப்புதானே என்று சிரித்த முகத்தோடு கேட்பார். வக்கீலின் கழுத்து நரம்பு புடைக்கும். கண்ணில் நீர் வரும். ஆமா என்பார். வந்தவர்கள் தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு சிரிப்பை அடக்குவார்கள்.

தேநீர் போட்டுக் கொடுத்தது மனைவிதான். நடப்பது என்னவென்று இரண்டாவது வாரமே அவளுக்குப் புரிந்துவிட்டது. இனிமேல் வராதீர்கள் என்று சொல்ல நாலு வார்த்தை போதும். அவள் சொல்லவில்லை.

ஒருநாள் அவருக்குக் கஞ்சி ஊட்டி, வாயைத் துடைத்துவிட்டு, எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எங்கம்மாவ இங்க கூட்டிட்டு வந்திருக்கணும், இல்லயா?"

"ஆமா" என்றார்.

இத்தனை வருஷமும் அந்த ஒரு வார்த்தையைத்தான் அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் மனசாரச் சொன்னாரா, வாய் பாட்டுக்குச் சொன்னதா என்று முகத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. சோதித்துப் பார்க்க, "எங்கம்மா அங்க தனியா கெடந்து செத்தது சரிதானா?" என்றாள். அதற்கும் ஆமா. கிண்ணத்தை எடுத்துக்கொண்டுபோய்க் கழுவினாள். ஏற்கெனவே கழுவிய பாத்திரங்களையும் சேர்த்துக் கழுவினாள்.

தொலைக்காட்சிக்காரர்கள் கேட்கிறார்கள் என்று பேராசிரியர் வந்து சொன்னபோது அவளுக்குக் கோபம் வரவில்லை. பழைய எதிராளிகள் இரண்டு பேரும் ஒரே சோபாவில் உட்கார்ந்து பேசுவார்களாம். உனக்கு இஷ்டமில்லை என்றால் விட்டுவிடலாம் தங்கச்சி என்றார். வரட்டும் என்றாள். வக்கீல் கூடத்தில்தான் இருந்தார், எல்லாம் கேட்டது. அவரிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டாலும் என்ன சொல்லிவிடப் போகிறார்.

படப்பிடிப்பு நாளன்று அவருக்கு நீலச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிவிட்டாள். விளக்குகளும் கேமராவுமாகக் கூடம் நிறைந்துபோயிற்று. மைக் மாட்ட வந்தவன், சட்டைக் காலரில் அதைச் செருகிவிட்டு, "இறுக்கமா இல்லயே சார், சரியா இருக்கா?" என்று கேட்டான். ஆமா என்றார் வக்கீல். கேமரா அப்போதே ஓடிக்கொண்டிருந்தது.

அவர் அன்று சொன்னது அது ஒன்றுதான். கேள்விகள் தொடங்கியதும் உதடுகளை இறுக மூடிக்கொண்டார். பேராசிரியர் கேட்டார், காத்திருந்தார், வேறு மாதிரி கேட்டார். வக்கீல் இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டு அவரையே பார்த்தார். பேராசிரியருக்கு நெற்றி வேர்த்தது. குரல் ஏறிற்று.

"சொல்லுய்யா. எங்கிட்ட வாராவாரம் சொன்னத இவங்க முன்னாடி சொல்லு."

இயக்குநர் போதும் என்று கையைக் காட்டினார். எல்லோரும் ஒயர்களைச் சுருட்டினார்கள். மனைவி சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இவர் ஜெயித்துவிட்டார் என்று தோன்றியது. அது அவளுக்குச் சந்தோஷமா எரிச்சலா என்று அவளுக்கே தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி வந்தது. பேராசிரியர் தணிந்த குரலில், அந்தக் கொட்டகை மக்களைத் திருப்பி அனுப்புவதுதான் சரி என்று இப்போது நீங்களும் ஒப்புக்கொள்கிறீர்களா நண்பரே என்று கேட்டார். நீலச் சட்டையில் வக்கீலின் முகம் கிட்டத்தில் வந்தது. "ஆமா" என்றார். மைக் மாட்டியவனுக்குச் சொன்ன ஆமாவை வெட்டி அங்கே ஒட்டியிருந்தார்கள். கீழே எழுத்திலும் அந்தப் பதில் ஓடிற்று. வக்கீல் இடது கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்துத் தரையில் விழுந்தார்.

மனைவி பேராசிரியருக்குப் போன் போட்டாள். வெட்டி ஒட்டியது நான் இல்லையே தங்கச்சி என்றார் அவர். பிறகு, "அந்தக் கேள்விக்கப்புறம் எம் பையன் எனக்குப் போன் பண்றதில்ல, தெரியுமா" என்று சொல்லி வைத்துவிட்டார்.

கொட்டகையிலிருந்து ஒரு பெண் வந்தாள். வழக்கில் முதல் பெயர் அவளுடையது. வக்கீலை அவள் பலமுறை பார்த்திருக்கிறாள். செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்து அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். டிவியில் பார்த்தோம், யாரும் நம்பவில்லை, உங்கள் வாயால் கேட்டுவிட்டு வரச் சொன்னார்கள் என்றாள்.

"எங்கள அனுப்பிடணும்னு நெசமாவே சொன்னீங்களா ஐயா?"

வக்கீல் தலையை அசைக்க முயன்றார். அது கோணலாக ஒரு பக்கம் சாய்ந்தது. உதட்டை மூடிப் பார்த்தார். ஆனால் இந்தக் கேள்விக்குச் சும்மா இருப்பதும் பதில்தான். அவள் காத்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா" என்றார்.

அவள் எழுந்து, புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டு வெளியே போனாள். மனைவி வெறுங்காலோடு பின்னால் ஓடி, பேருந்து நிறுத்தத்தில் அவளைப் பிடித்தாள். அது வியாதி, அவருக்கு அந்த ஒரு வார்த்தைதான் வரும், வேறு எதுவும் வராது என்று மூச்சிரைக்கச் சொன்னாள்.

அந்தப் பெண் முழுவதும் கேட்டாள். நம்பினாள் என்றுதான் தோன்றியது.

"அது தெரிஞ்சும் டிவிக்காரங்கள ஏன்க்கா வீட்டுக்குள்ள விட்டீங்க?"

மனைவி பதில் சொல்வதற்குள் பேருந்து வந்துவிட்டது. அந்தப் பெண் ஏறிப்போனாள்.

வழக்கை வேறொரு வக்கீல் எடுத்து நடத்தித் தோற்றார். அரசாங்கத்துத் தரப்பு அந்த ஒளிபரப்பைக் கோர்ட்டில் போட்டுக் காட்டியதாம். கொட்டகைகளைப் பிரித்து, ஆட்களை லாரிகளில் ஏற்றி ஆற்றங்கரையில் கொண்டுபோய் விட்டார்கள். அந்தச் செய்தி வந்தபோது மனைவி டிவியை அணைக்கப் போனாள். வக்கீல் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். கடைசி லாரி பாலத்தில் ஏறும்வரை இரண்டு பேரும் உட்கார்ந்து பார்த்தார்கள்.