மூன்றாவது கோரிக்கை

கட்சி அலுவலகத்தில் எங்களுக்குக் கொடுத்திருந்தது மாடிப்படிக்குக் கீழே இருந்த அறை. பழைய கொடிக்கம்புகளும் கால் உடைந்த நாற்காலிகளும் போக மீதி இடம் எங்களுடையது. ‘பால்புதுமையினர் அணி’ என்ற பலகையை வாசலில் மாட்ட அனுமதி வாங்கவே பதினான்கு மாதம் ஆயிற்று. அணியின் செயலாளர் நான். சம்பளமில்லாத வேலை. பள்ளிக்கூடத்தில் பாடம் எடுப்பதால் கட்சியில் எல்லோருக்கும் நான் டீச்சர்.

மாநாட்டுக்கு நாங்கள் எழுதிய தீர்மானத்தில் மூன்று கோரிக்கைகள் இருந்தன. முதலாவது, வேலையிடத்தில் எங்களை ஒதுக்கிவைப்பவர்களுக்குத் தண்டனை. இரண்டாவது, சேர்ந்து வாழும் இரண்டு பெண்களோ இரண்டு ஆண்களோ மருத்துவமனையில் ஒருவருக்காக மற்றவர் கையெழுத்துப் போடும் உரிமை. அதை எழுதியது நான். பத்தொன்பது வருடமாக என்னோடு வாழ்கிறவளுக்குப் போன வருடம் அறுவை சிகிச்சை நடந்தபோது, “கூடப் பிறந்தவங்களா?” என்று கேட்டார்கள். ஆமாம் என்று பொய் சொல்லித்தான் கையெழுத்துப் போட்டேன்.

மூன்றாவது, மருத்துவச் சான்றிதழ் கேட்காமலே திருநங்கைகளுக்கும் திருநம்பிகளுக்கும் அடையாள அட்டையில் பெயரையும் பாலினத்தையும் மாற்றித் தர வேண்டும் என்பது. அதை எழுதியவர் எங்கள் அணியில் இருக்கும் திருநங்கை, டைலர் அக்கா. நான்கு முறை விண்ணப்பித்து, நான்கு முறையும் “டாக்டர் லெட்டர் எங்கே?” என்று திருப்பி அனுப்பப்பட்டவர்.

சனிக்கிழமை மத்தியானம் தீர்மானத்தை எடுத்துக்கொண்டு நான் மட்டும் வரைவுக்குழு அறைக்குப் போனேன். குழு என்று பெயர்தான், உட்கார்ந்திருந்தது ஒரே ஒரு வக்கீல். அவர் முன்னால் ஒரு முழ உயரத்துக்குக் காகிதங்கள். முதல் கோரிக்கையைப் படித்து டிக் போட்டார். இரண்டாவதுக்கும் போட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மூக்குத்தண்டைப் பிடித்துவிட்டுக்கொண்டார்.

அவ்வளவுதான். என் வாய் முந்திக்கொண்டது.

“மூணாவது சிக்கலா இருக்கும்னா எடுத்துடலாம் சார். மத்த ரெண்டும் வந்தாப் போதும்.”

வக்கீல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். “நான் இன்னும் பக்கத்தையே திருப்பலையேம்மா. சரி, நீங்களே சொல்றீங்க.” பக்கத்தைத் திருப்பி, குறுக்கே ஒரு கோடு போட்டார்.

அந்த நொடியை எத்தனையோ முறை பிரித்துப் பார்த்துவிட்டேன். அவர் மேல் பயமில்லை. நல்ல பெயர் ஆசை. கரண்டி சாய்வதற்குள் “போதும் போதும்” என்று தட்டை மூடிக்கொள்கிற விருந்தாளியைப் போல, தொந்தரவில்லாதவள் என்று பெயர் வாங்கி வாங்கியே வளர்ந்தவள் நான். ஆனால் அன்றைக்கு நான் மூடியது என் தட்டை அல்ல.

கீழே டைலர் அக்கா மாநாட்டுப் பதாகைக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்தார். வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுக் கேட்டார். “என்ன டீச்சர், பாஸா ஃபெயிலா?”

“ரெண்டு பாஸ். மூணாவதை எடுத்தாச்சு.”

“யாரு, வக்கீலா?”

ஆமாம் என்று தலையாட்டினேன்.

“போன மாசம்தான் அந்த மனுஷன் கோட்டை ரெண்டு இஞ்ச் பிரிச்சு விட்டேன். தொப்பைக்கு இடம் கேக்கத் தெரியுது, எனக்கு ஒரு வரி இடம் கொடுக்க மாட்டேங்கறார் பாருங்க.” சிரித்தார். பிறகு என் முகத்தைக் கவனித்தார். “ரொம்ப வாதாடினீங்களோ? முகமே செத்துப்போச்சு. முதல்ல தண்ணி குடிங்க.”

பாட்டிலைத் திறந்து அவரே நீட்டினார். வாங்கிக் குடித்தேன்.

“அஞ்சு மணி வரைக்கும் திருத்தம் கொடுக்கலாமில்ல? பத்து உறுப்பினர் கையெழுத்துப் போதும்.”

“இப்ப எதுக்குக்கா? அடுத்த மாநாட்டுல பாத்துக்கலாம்.”

“அது மூணு வருஷம் கழிச்சு. அதுக்குள்ள நான் போய்ச் சேந்துட்டா, இறப்புச் சான்றிதழ்ல அந்தப் பழைய பேரைத்தான் போடுவாங்க.”

ஒரு தாளில் மூன்றாவது கோரிக்கையைத் திரும்ப எழுதி, கீழே பத்து எண்களைப் போட்டு, என் முன்னால் வைத்தார். “முதல் கையெழுத்து உங்களோடது.”

தாளைப் பார்த்ததும் வக்கீல் உண்மையைச் சொல்லிவிடுவார் என்று எனக்குத் தெரியும். அவர் சொல்வதற்குள் நான் சொல்லிவிட வேண்டும். இதைத் தைரியம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

“அக்கா, வக்கீல் எடுக்கலை. நான்தான் எடுத்துடலாம்னு சொன்னேன். அவர் ஒண்ணும் கேக்கவே இல்லை.”

அவர் ஊசியைத் துணியில் குத்தி வைத்தார்.

“கேக்கவே இல்லையா?”

“இல்லை.”

“ரெண்டாவதை எடுத்துடலாம்னும் சொன்னீங்களா?”

“இல்லை.”

தாளை எடுத்துக்கொண்டு வெளியே போனார். மாடியில் அவர் குரல் கேட்டது. இளைஞர் அணி அறையில் கெஞ்சினார், அச்சுக்கூடத்துக்காரரிடம் கேலி பேசினார், யாரோ மறுத்தபோது அடுத்த கதவைத் தட்டினார். ஐந்து மணிக்கு இருபது நிமிடம் இருக்கும்போது திரும்பி வந்தார்.

“ஒண்ணு குறையுது.”

பத்தாவது எண்ணுக்கு நேராகக் கையெழுத்துப் போட்டேன்.

“வாங்க. செயலாளர் இல்லாம வாங்கிக்க மாட்டாங்களாம்.”

வக்கீல் தாளைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “மத்தியானம் நீங்கதானேம்மா வேண்டாம்னீங்க?”

நான் வாயைத் திறப்பதற்குள் டைலர் அக்கா சொன்னார். “அவசரத்துல சொல்லிட்டாங்க சார். எங்க டீச்சருக்குப் பசி வந்துட்டா நிதானம் இருக்காது.”

வக்கீல் சிரித்தார். கோரிக்கையை விரல் வைத்து முழுதாகப் படித்தார். “நியாயமாத்தானே இருக்கு. இதுல எனக்கென்ன ஆட்சேபம்?” ஓரத்தில் ‘சேர்க்கவும்’ என்று எழுதிக் கீழே கையெழுத்திட்டார்.

வெளியே வந்ததும் டைலர் அக்கா வேகமாக நடந்தார். மாடிப்படியில் எட்டிப் பிடித்தேன்.

“அக்கா, என்னைக் காப்பாத்திட்டீங்க...”

“உங்களை இல்லை. உள்ள நாம சண்டை போட்டா அந்த வரி போயிருக்கும்.” கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார். “மாநாட்டுல மூணாவதை நான் படிக்கிறேன்.”

“சரி. ரெண்டாவதையும் நீங்களே...”

“அதை நீங்களே படிங்க. அதை நீங்க விடமாட்டீங்க.”

குரலில் கோபம் இல்லை. பதாகையை முடிக்க வேண்டும் என்று இறங்கிப் போனார். நான் பாதிப் படியிலேயே நின்றிருந்தேன். மேலே ஏறி வந்த யாரோ “வழி விடுங்க டீச்சர்” என்றார்கள். சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.